மைதீன் பாய் எடுத்துப்போன வாய்க்கால்

திருக்கழுக்குன்றத்தில் மெய்நகல் அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது. பயப்பட வேண்டாம். உங்களுக்கு அங்கே ஒரு காரியம் ஆக வேண்டியிருக்காத வரை அது உங்களை ஒன்றும் செய்யாது.

செய்யூர் தொடங்கி மாமல்லபுரம் வரைக்குமான நிலங்களின் படங்கள் எல்லாம் அந்த அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டருக்குள் இருக்கின்றன. ஒரே கம்ப்யூட்டர். வீடு கட்ட, கட்டிய வீட்டை விற்க, விற்காத வீட்டைப் பிள்ளைக்கு எழுதிவைக்க, எதற்கும் அந்தப் படத்தின் நகல் வேண்டும். நகலை அச்சடித்துத் தரமாட்டார்கள். பிரிண்டர் செத்து ஏழு வருடம் ஆகிறது, ஆனால் அது செத்துவிட்டது என்று மேலிடத்திலிருந்து இன்னும் எழுதி வரவில்லை. உயிரோடு ஒன்று இருக்கும்போது இன்னொன்று வாங்க விதி கிடையாது. அதனால் ரேணுகா என்கிற வரைவாளர் திரையைப் பார்த்துக் கையால் வரைந்து தருவார். தாளின் அடியில் ‘திரையில் கண்டதைக் கண்டபடி வரைந்தேன், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அதன்மேல் அலுவலர் ஜானகிராமன் முத்திரை வைப்பார். வராமல் நின்றுபோன கோயில் கழுகு மலைக்குத் திரும்பி வந்தாலும் வரும், அந்த முத்திரை சீக்கிரம் வராது என்று ஊரில் சொல்வார்கள்.

கண்டதைக் கண்டபடி என்ற வாசகம் சும்மா வந்ததல்ல. ரேணுகாவுக்கு முன்பிருந்த வரைவாளர் ஒருவர், திரையில் ஈ இட்டுவிட்டுப் போன ஒரு புள்ளியை வரையாமல் விட்டுவிட்டார். அது கிணறா, ஈ எச்சமா என்று விசாரணை நடந்தது. எச்சம்தான் என்று முடிவானது. ஆனாலும் அதைத் தீர்மானிக்க நீ யார் என்று கேட்டு அவரைச் செய்யூர்ப் பக்கம் மாற்றிவிட்டார்கள். அன்றைக்குப் பிறகு அந்த அலுவலகத்தில் யாரும் எதையும் தீர்மானிப்பது இல்லை. காண்பதோடு சரி.

புதுப்பட்டினம் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் மைதீனுக்கு இதெல்லாம் தெரியாது. இருபத்திரண்டு வருடமாக, வேலைக்கு ஆகாது என்று மற்றவர்கள் கைவிட்ட மெஷின்களை எழுப்பி உட்காரவைத்துப் பிழைக்கிற மனிதர். அவருக்கு இரண்டே கால் சென்ட்டில் ஒரு வீடு. ஒரு கூடம், ஒரு அறை, பின்பக்கம் ஒரு அடுக்களை. அந்த அடுக்களையில் மனைவி ஃபர்சானா தினமும் காலையில் நூற்றைம்பது இடியாப்பம் பிழிந்து கல்பாக்கத்துக்கு அனுப்புகிறார். கடையில் வேலை இல்லாத மாதங்களில் குடும்பம் அந்த இடியாப்பத்தில்தான் ஓடியது. மகள் அர்வா கல்லூரிக்குப் போகத் தொடங்கியதும் மாடியில் அவளுக்கு ஒரு அறை எடுக்கலாம் என்று நினைத்தார்கள். அதற்கு அனுமதி வேண்டும், அனுமதிக்குப் படம் வேண்டும். மைதீன் மனுக் கொடுத்தார்.

நாற்பது நாளில் படம் வந்தது. அழகான படம், அதைச் சொல்லியாக வேண்டும். ரேணுகா கலர் பென்சிலால் வரைந்திருந்தார். வீட்டின் மேல் வடக்கிலிருந்து தெற்காக மூன்று பச்சைக் கோடுகள் ஓடின. அவை சரியாக அடுக்களையைக் கிழித்துக்கொண்டு போயின. கோடுகளுக்கு நடுவில் ரோஸ் நிறத்தில் பதினொரு குட்டிக் கட்டங்கள். பக்கத்தில் வெள்ளையாக ஒரு அம்புக்குறி. கூடவே ஒரு நோட்டீசும் வந்திருந்தது. அரசு வாய்க்காலையும் அதன் பதினொரு மதகுகளையும் ஆக்கிரமித்து அடுக்களை கட்டியிருப்பது தெரியவந்திருப்பதாகவும், முப்பது நாளில் அடுக்களையை அகற்றாவிட்டால் அலுவலகமே அகற்றும் என்றும் அதில் இருந்தது.

புதுப்பட்டினத்தில் அந்த இடத்தில் வாய்க்கால் இருந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. அங்கே இரண்டடி தோண்டினால் கடல் மணல்தான் வரும். மைதீன் நோட்டீசை இரண்டு முறை படித்துவிட்டு, யாருடைய காகிதமோ மாறி வந்துவிட்டது என்ற நம்பிக்கையில் பஸ் ஏறினார்.

மாறி வரவில்லை. ஜானகிராமன் பொறுமையான மனிதர். அவர் கத்தியதை யாரும் கேட்டதில்லை, அவர் நல்லது செய்ததையும் யாரும் பார்த்ததில்லை. அவர் மைதீனை உட்காரச் சொல்லி, படம் திரையில் உள்ளபடிதான் இருக்கிறது, வேண்டுமானால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம், பார்ப்பதற்குப் பொதுமக்களுக்கு உரிமை உண்டு, மவுஸைத் தொட மட்டும் உரிமை இல்லை என்றார்.

மைதீன் பார்த்தார். திரையைப் பார்த்ததுமே அவருக்குப் பாதி புரிந்தது, சிபியு பக்கம் காதை வைத்ததும் மீதியும் புரிந்தது. அம்புக்குறி வாய்க்கால் ஓடும் திசை இல்லை, மவுஸின் அம்பு. வரையும்போது அது அங்கே நின்றுகொண்டிருந்தது, ரேணுகா கண்டதைக் கண்டபடி வரைந்துவிட்டார். மவுஸின் அம்பு எப்போதும் இடது மேல்மூலையைப் பார்ப்பதால், புதுப்பட்டினத்து வாய்க்கால் கடலை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டுத் திருக்கழுக்குன்றம் மலையைப் பார்த்து மேலேறிக்கொண்டிருந்தது. பச்சைக் கோடுகளும் ரோஸ் கட்டங்களும் இன்னும் எளிய சமாச்சாரம். அவர் கடைக்கு வாரத்தில் ஒன்றாவது இப்படி வரும்.

“சார், இது வாய்க்காலே இல்ல. கிராஃபிக்ஸ் கார்டு பூட்ச்சி. உள்ள தூசி அடச்சி ஃபேன் சுத்தாம, சூடாயி சூடாயி கார்டு கெட்டுகினு கீது. அதான் கோடு கோடா, கட்டம் கட்டமா காட்டுது. கேபிள கயட்டி வேற மானிட்டர்ல போட்டுப் பாருங்க, அதுலயும் இதே கோடுதான் வரும். ஒரு ஸ்க்ரூ சார். கார்ட புடுங்கிட்டு கேபிள மதர்போர்டுலயே சொருவுனா ரெண்டு நிமிஷத்துல நோவு தெரிஞ்சிடும்.”

ஜானகிராமன் முழுவதும் கேட்டார். பிறகு, இது உங்கள் அபிப்பிராயம், இந்த அலுவலகம் அபிப்பிராயம் வைத்துக்கொள்வது இல்லை என்றார். சிபியு மேல் அரக்கு சீல் இருப்பதையும் காட்டினார். அது பாதுகாப்புக்காக வைத்தது, வைத்தவர் ஓய்வு பெற்றுவிட்டார்.

மைதீனுக்கு ஒரு யோசனை வந்தது. அதை ஏன் சொன்னோம் என்று பிற்பாடு அவர் பலநாள் நொந்துகொண்டார். படத்தைக் கொஞ்சம் இடதுபக்கம் நகர்த்தும்படி ரேணுகாவைக் கேட்டார். ரேணுகா நகர்த்தினார். மைதீனின் வீடு நகர்ந்தது, தெரு நகர்ந்தது, பக்கத்து மனையான கோபாலகிருஷ்ணனின் தென்னந்தோப்பு நடுத்திரைக்கு வந்தது. பச்சைக் கோடுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. இப்போது அவை தோப்பைக் கிழித்துக்கொண்டு போயின.

“பாத்தீங்களா சார். நெலம் போவுது, கோடு அப்புடியே நிக்குது. வாய்க்கான்னா நெலத்தோடதான போவணும்?”

ஜானகிராமன் எழுந்து வந்து திரைக்கு மிக அருகில் நின்று பார்த்தார். ரேணுகாவை இன்னொரு தரம் நகர்த்தச் சொன்னார். கோடுகள் அசையவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“அரசாங்க சொத்து நகராது பாய். தனியார் நெலம்தான் நகரும். அதத்தான நாங்க ஆக்கிரமிப்புன்னு சொல்றோம்.”

சொல்லிவிட்டு, கோபாலகிருஷ்ணனின் தோப்பிலும் வாய்க்கால் இருப்பது இன்றைக்குத் தெரியவந்ததைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். ரேணுகா குறித்துக்கொண்டார்.

கீழே டீக்கடையில் மைதீன் நின்றுகொண்டிருந்தபோது ரேணுகா வந்தார். டீயை வாங்கிக்கொண்டு, அவரைப் பார்க்காமலேயே பேசினார். தனக்கும் கண் இருக்கிறது என்றார். கணவருக்குச் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கம்பெனியில் ஷிப்ட் வேலை, இரண்டு பிள்ளைகள், தன்னைத் தூக்கிச் செய்யூரில் போட்டால் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப ஆளில்லை. “அந்த ஈய வுட்டவரு கதி எனக்கு வேணாண்ணா” என்றார். மைதீனுக்கு அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை, படாமல் இருக்கவும் முடியவில்லை. டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினார்.

மூன்றாம் நாள் கோபாலகிருஷ்ணன் நோட்டீசோடு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். மைதீன் கேட்டுத்தான் படத்தை நகர்த்தினார்கள் என்ற செய்தி அதற்குள் தோப்புக்கே வந்திருந்தது. இருபது வருடமாக ஒரே சுவர், ஒரே சாக்கடை என்று ஒற்றுமையாக இருந்தவர். “உன் வூட்டுல வாய்க்கா போனா போனபடி இருக்காம, அத எதுக்கு பாய் என் தோப்பு பக்கம் தள்ளி வுட்ட?” என்று கேட்டார். கார்டு, மெமரி, சூடு என்று மைதீன் விளக்கியது எதுவும் அவர் தலையில் ஏறவில்லை. அன்றிலிருந்து பேச்சு நின்றது.

நகராத வாய்க்கால் அவரோடு நிற்கவில்லை. யார் நகல் கேட்டு வந்தாலும் அவர்கள் நிலத்தை நடுத்திரையில் வைத்துத்தான் பார்ப்பார்கள், நடுத்திரையில்தான் கோடுகள் இருந்தன. இரண்டே வாரத்தில் நாற்பத்தொரு நிலத்தில் நாற்பத்தொரு வாய்க்கால் கிடைத்தது. அதில் ஒன்று மொட்டை மாடியில் ஓடியது, ஒன்று ஒரு மளிகைக் கடைக்குள் புகுந்து கல்லாப்பெட்டி வழியாக வெளியே வந்தது. எல்லாமே மலையைப் பார்த்து மேலேறின. பச்சை நிறம் ஏன் என்று யாரோ கேட்டதற்குப் பாசி என்று பதில் எழுதப்பட்டது. மாவட்டக் கூட்டத்தில் தொலைந்த நீர்நிலைகளை மீட்டதில் இந்த அலுவலகத்துக்கு முதலிடம் கிடைத்து, ஜானகிராமனுக்குக் கேடயம் கொடுத்தார்கள். அவர் அங்கே பேசியதை அலுவலகச் சுவரில் எழுதி மாட்டியிருக்கிறார்கள், நானே படித்திருக்கிறேன்.

“இந்த நாற்பத்தொரு வாய்க்கால்களையும் கண்டுபிடிக்க எங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர்கூட வெளியே போகவில்லை என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். நிலத்தைப் போய்ப் பார்த்தால் குழப்பம் வரும். அங்கே மக்கள் இருப்பார்கள், வீடு இருக்கும், ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். திரையில் அப்படி இல்லை.”

மைதீன் சும்மா இருக்கவில்லை. மெஷின் பழுது என்று நிரூபிக்க என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கேட்டார். பதில் வந்தது. நோய் அறியும் தகுதி பெற்ற அரசு அலுவலர் ஒருவர் பார்த்துச் சான்று தர வேண்டுமாம். மைதீன் அரசு அலுவலர் இல்லை. கம்ப்யூட்டருக்கு நோய் அறிகிற அரசு அலுவலர் என்று ஒரு பதவியும் இல்லை. அரசு ஆஸ்பத்திரி டாக்டரைப் போய்க் கேட்டார், அவர் இவரையே உட்காரவைத்து பிரஷர் பார்த்து அனுப்பினார். கடைசியில் மாட்டு முகாமுக்கு வந்திருந்த கால்நடை மருத்துவர் ஜெபக்குமார், போகிற வழிதானே என்று வந்தார்.

ஜெபக்குமார் சிபியு மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார். பின்பக்கம் குனிந்து ஓட்டையில் விரலை விட்டு ஒரு பிடி தூசியை எடுத்தார். நாற்பத்தொரு குடும்பத்தின் வீட்டையும் மூச்சுத் திணறவைத்த அந்த நோயை, மாட்டைப் பார்க்கிற மனிதர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்தார் என்பதை இங்கே குறித்துவைக்கிறேன்.

“பாய், இதுக்கு மூச்சு அடைக்குது. காத்து உள்ள போவல. மாடா இருந்தா இந்நேரம் பூட்டிருக்கும்.”

தனக்குத் தெரிந்த படிவத்தில் எழுதினார்: காய்ச்சல் கடுமையாக உள்ளது, காற்றோட்டம் இல்லை, திறந்து பார்ப்பது நல்லது. அலுவலகம் முதல் வரியைப் படித்தது. காய்ச்சலுக்கு என்ன செய்ய வேண்டும் என்று விதியில் இருந்தது. கம்ப்யூட்டருக்குப் பத்து நாள் மருத்துவ விடுப்பு கொடுத்தார்கள். பதிவேட்டு அறையிலிருந்த ஏசியைக் கழற்றி வந்து அதன் தலைக்கு மேல் மாட்டினார்கள். ரேணுகாவின் மேசை விசிறியும் அங்கே போனது. பத்து நாளும் ஆட்சேபணை மனு எதுவும் வாங்கமாட்டோம் என்று வாசலில் பலகை தொங்கியது. நோட்டீசின் முப்பது நாளுக்கு மட்டும் விடுப்பு கிடையாது, அது ஓடிக்கொண்டே இருந்தது.

விடுப்பு முடிந்த காலையில் மைதீன் முதல் ஆளாகப் போய் நின்றார். ஆறிப்போன கார்டு கொஞ்ச நேரம் ஒழுங்காக நடந்துகொள்ளும் என்று அவருக்குத் தெரியும். அப்படியே நடந்தது. திரையில் மூன்று கோடுகளுக்குப் பதில் ஒன்றுதான் இருந்தது. சூடு இறங்கினால் கோடும் இறங்குகிறது, இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று கேட்டார். வெயில் காலத்தில் வாய்க்கால் வற்றுவது இயற்கை என்றார் ஜானகிராமன். மதியம் கார்டு சூடேறி மற்ற இரண்டு கோடுகளும் திரும்பி வந்தபோது, ‘பிற்பகல் நீர்வரத்து’ என்று ரேணுகாவை எழுதச் சொன்னார்.

மைதீன் வீட்டுக்கு வந்து ஃபர்சானாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஃபர்சானா இடியாப்ப உரலைக் கழுவிக்கொண்டிருந்தார். இவ்வளவு படித்தவர்கள் இருக்கிற இடத்தில் ஒருவருக்குமா தெரியவில்லை என்று கேட்டார். “எல்லாருக்கும் தெரிது” என்றார் மைதீன். “தெரிஞ்சிகினே பண்ணா இன்னா பண்றது?” ஃபர்சானா உரலைக் கவிழ்த்துவைத்துவிட்டு, அடுக்களைச் சுவரை ஒருமுறை கையால் தடவினார். அந்தச் சுவருக்கு அவர் வளையலை விற்றிருந்தார்.

நோட்டீசின் இருபத்தெட்டாம் நாளில் எதிர்பாராத இடத்திலிருந்து விடிவு வந்தது. ஜானகிராமனின் மச்சினர் மாமல்லபுரத்தில் கடலை ஒட்டி ஒரு மனை வாங்கி, வெளியூர்க்காரர்கள் வந்து தங்க விடுதி கட்டுவதாக இருந்தார். அதற்குப் படம் வேண்டும். மனு மற்ற மனுக்களோடு கலந்து ரேணுகாவிடம் போனது. ரேணுகா கண்டதைக் கண்டபடி வரைந்தார். மூன்று பச்சைக் கோடு, பதினொரு மதகு, அம்பு மலையைப் பார்த்து. நீச்சல் குளம் வரவேண்டிய இடத்தில் மதகுகள் நெருக்கமாக இருந்தன. வரைந்து முடித்துப் பென்சிலைச் சீவி வைத்துவிட்டு, யாருடைய மனு என்று தெரிந்தே முத்திரைக்குக் கொண்டுபோய் வைத்தார். இத்தனை நாளில் அவர் செய்த ஒரே வீரம் அதுதான்.

ஜானகிராமன் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மெஷின் சரியாக வேலை செய்யவில்லை போலிருக்கிறதே என்றார்.

இரண்டு மணிக்கு மைதீனுக்கு போன் வந்தது. மூன்றரைக்கு அவர் ஸ்க்ரூ டிரைவரோடு நின்றார். அரக்கு சீலை ஜானகிராமனே பேனாக் கத்தியால் பெயர்த்தார். மைதீன் மூடியைத் திறந்து, பஞ்சு மெத்தை போலத் தூசி படிந்திருந்த கார்டைப் பிடுங்கி எடுத்து, கேபிளை மதர்போர்டில் சொருகினார். ஒன்றரை நிமிடம் ஆனது. திரை பளிச்சென்று வந்தது. கோடு இல்லை, கட்டம் இல்லை. மச்சினரின் படம் அன்று சாயங்காலமே முத்திரையோடு கிளம்பியது.

பிடுங்கிய கார்டை என்ன செய்வது என்று மைதீன் கேட்டார். பொருள் வந்தால் பதிய ஒரு பேரேடு இருந்தது, போனால் பதிய ஒரு பேரேடு இருந்தது, உள்ளே இருந்ததை வெளியே எடுத்தால் பதிய எதுவும் இல்லை. அதனால் யாரும் அதைக் கையில் வாங்க மறுத்தார்கள். மைதீன் அதை ஒரு பழைய பேப்பரில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அப்படியே, தன் படத்தையும் இப்போது திருத்தித் தந்துவிடலாமே என்று சந்தோஷமாகக் கேட்டார். அவ்வளவு நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. ஜானகிராமன் அவரை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“பாய், மெஷின் ரிப்பேர்னு நாங்க கண்டுபுடிச்சது இன்னிக்கி. அப்ப இன்னிலேருந்துதான் அது ரிப்பேரு. அதுக்கு முன்னாடி யாரும் கண்டுபுடிக்கல, அதனால அது நல்லா இருந்துச்சி. உங்க படம் நல்லா இருந்த மெஷின்ல எடுத்தது.”

மைதீன் தான் முதல் நாளே கண்டுபிடித்துச் சொன்னதை நினைவூட்டினார். நீங்கள் சொன்னீர்கள், நாங்கள் கண்டுபிடிக்கவில்லை என்றார் ஜானகிராமன். ஆனாலும் அவர் மனசாட்சி இல்லாதவர் அல்ல. உதவி செய்ததற்காக நோட்டீசில் ஒரு வாரம் கூட்டிப் போட்டுத் தந்தார்.

அந்த வாரத்துக்குள் சென்னையிலிருந்து கடிதம் வந்தது. மீட்கப்பட்ட வாய்க்கால்களைப் பார்வையிட உயர் அலுவலர்கள் வியாழக்கிழமை வருகிறார்கள். ஜானகிராமன் முதல் நிலத்தைத் திரையில் திறந்தார். வாய்க்காலைக் காணோம். இரண்டாவதைத் திறந்தார், அதிலும் காணோம். நாற்பத்தொன்றையும் திறந்தார். வேறு யாராக இருந்தாலும் தலையில் அடித்துக்கொண்டு உண்மையை எழுதியிருப்பார்கள். ஆனால் சுவரில் கேடயம் மாட்டியிருந்தது. கேடயம் இருக்கிறது, வாய்க்கால் இல்லை என்றால், யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றுதான் அர்த்தம். மெஷினைக் கடைசியாகத் திறந்தது யார் என்று பார்த்தார்கள்.

மைதீன் வரவழைக்கப்பட்டார். எதிரே ஜானகிராமன், பக்கத்தில் தாளும் பேனாவுமாக ரேணுகா. சொன்னதைச் சொன்னபடி எழுதுவது ரேணுகாவின் வேலை. கேள்விகள் மரியாதையாகத்தான் கேட்கப்பட்டன. நீங்கள் திறப்பதற்கு முன் வாய்க்கால் இருந்ததா? திரையில் கோடு இருந்தது. நீங்கள் திறந்த பிறகு இருக்கிறதா? இல்லை. நடுவில் அந்த இடத்தில் கை வைத்தவர் நீங்கள் ஒருவர்தானே? அரசு வாய்க்கால் மறைந்ததால் உங்கள் வீட்டுக்கு லாபமா, நட்டமா?

மைதீனுக்கு ரத்தம் தலைக்கேறியது. கோபம் வந்தால் பேசாமல் எழுந்து போகிற சுபாவம் அவருக்கு. அன்றைக்கு அப்படிப் போயிருக்கலாம். போகவில்லை. பைக்குள் கைவிட்டு, பேப்பர் பொட்டலத்தை எடுத்து மேசையில் பொத்தென்று வைத்தார்.

“இந்தாங்க சார் உங்க வாய்க்கா. மொத்தமும் இதுக்குள்ளதான் கீது. நான்தான் புடுங்கி எடுத்துகினு பூட்டேன். பத்தரமா வெச்சிக்கோங்க.”

ரேணுகா எழுதுவதை நிறுத்திவிட்டு மைதீனைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்கிற பார்வை. ஜானகிராமன் அவரைப் பார்த்து, எழுதுங்கம்மா, சொன்னதைச் சொன்னபடி என்றார். ரேணுகா தலையைக் குனிந்துகொண்டு எழுதினார்.

ஜானகிராமன் எழுந்து மைதீனின் கையைக் குலுக்கினார். ஒப்புக்கொள்ள ஒரு மனசு வேண்டும் என்று பாராட்டினார். அடியில் மைதீனின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு ரசீதும் உடனே கொடுத்தார்கள். அந்த அலுவலகத்தில் கேட்ட அன்றைக்கே ஒரு பொதுஜனத்துக்குக் காகிதம் கிடைத்தது அதுதான் முதல் தடவை. ‘அரசு வாய்க்கால், ஒன்று. நீளம் ஏழு அங்குலம். விசிறி சுழலவில்லை. எடுத்தவரே ஒப்புக்கொண்டு ஒப்படைத்தார்.’

கீழே இன்னொரு பத்தி இருந்தது. மைதீன் அதைப் பஸ்ஸில்தான் படித்தார். அப்புறப்படுத்தப்பட்டு மீட்கப்பட்ட அரசு சொத்தை அது முன்பு இருந்த இடத்திலேயே வைக்க வேண்டும் என்பது விதி. படத்தின்படி அது முன்பு இருந்த இடம் மைதீன் வீட்டு அடுக்களை.

கோபாலகிருஷ்ணன் உட்பட மற்ற நாற்பது பேருக்கும் வாய்க்கால் மீட்கப்பட்டுவிட்டதால் நடவடிக்கை கைவிடப்பட்டது என்று கடிதம் போனது. கோபாலகிருஷ்ணன் மறுபடி பேசத் தொடங்கினார். கொஞ்சம் வெட்கத்தோடு நாலு இளநீர் வெட்டிக்கொண்டு வந்து கொடுத்தார். மைதீன் ஒரு வக்கீலைப் பார்த்தார். வக்கீல் ரசீதைப் படித்துவிட்டு, இதில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்றார்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு ஜேசிபி வந்தது. ஃபர்சானா அதற்கு முன்பே இடியாப்பத்தை முடித்து அனுப்பிவிட்டு, அடுப்பு, சிலிண்டர், ஈடு தட்டுகள் எல்லாவற்றையும் தெருவுக்குக் கொண்டுவந்து அடுக்கியிருந்தார். அர்வா கல்லூரிக்குப் போகவில்லை. அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை போல நின்றாள். மைதீன் அவர்களைப் பார்க்கவே இல்லை. இருபத்திரண்டு வருடமாக எத்தனையோ பேருடைய செத்த மெஷின்களைப் பிழைக்கவைத்தவருக்குத் தன் வீட்டுச் சுவர் ஒன்றைக் காப்பாற்ற முடியவில்லை. அவமானமாக இருந்தது. யாரையாவது கொன்றுவிடலாம் போலவும் இருந்தது.

சுவர் இரண்டே தள்ளலில் விழுந்தது. நாலடி அகலத்துக்கு, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மணலை வாரிப் போட்டார்கள். சென்னையிலிருந்து வந்தவர்கள் காரை விட்டு இறங்கி, குழியின் ஓரமாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஜானகிராமன் பேப்பர் பொட்டலத்தைப் பிரித்து, கார்டை இரண்டு கையாலும் ஏந்தி, குழிக்குள் இறங்கி நட்டநடுவில் வைத்தார். அதற்கும் படம் எடுத்தார்கள். ரேணுகா ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, குழியையும் கார்டையும் கண்டபடி வரைந்துகொண்டிருந்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது, அதை அவர் வரையவில்லை.

வந்தவர்கள் திருப்தியாகக் கிளம்பினார்கள். ஜானகிராமன், மாடியில் அறை கட்ட இனி ஆட்சேபணை இல்லை என்ற தாளை நீட்டினார். மைதீன் வாங்காமல் நின்றார். ஃபர்சானா முன்னால் வந்தார். இத்தனை நாளில் அவர் அந்த மனிதரிடம் பேசியது அதுதான் முதல் முறை. கோபமாகப் பேசவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவர் போலக் கேட்டார்.

“சார், வாய்க்கா வந்துடிச்சி. தண்ணி எப்ப வரும்?”

ஜானகிராமன் கைமேல் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

“தண்ணி வேற டிபார்ட்மென்ட்மா. நாங்க கோடு மட்டும்தான்.”